பக்க அறையில் ஒரு குழந்தை

1960களில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குடலடைப்புடன் ஒரு குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சையினால் அவ்வடைப்பை நீக்கியிருக்கலாம். ஆயின் குழந்தைக்கு டௌன் நோய்க்குறியும் இருந்தது. அக்காலத்தார் அதனை மங்கோலிசம் என்றனர். பெற்றோர் இசைவு தர மறுத்தனர். வீட்டிலிருந்த மற்ற இரு பிள்ளைகளுக்கும் அது அநீதியாகும் என்பது செவிலியராகிய தாயின் வாதம். மருத்துவர்கள் நீதிமன்றத்தை நாடவில்லை. பக்க அறையொன்றில் கிடத்தப்பட்ட குழந்தை பல நாள்கள் பட்டினி கிடந்து மாண்டது.

1971இல் கென்னடி அறக்கட்டளை இதனைக் குறும்படமாக்கிற்று. சபை ஆயராகவும் பணியாற்றிய அறநெறி இறையியலார் ஜேம்ஸ் கஸ்டஃப்சன், 1973இல் இதுபற்றி நீண்டதொரு கட்டுரை வரைந்தார். அவர் பெற்றோரைப் பழிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தாய், தந்தை, மருத்துவர் ஆகியோர் கூறிய நியாயங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையுடன் ஆராய்ந்த பின்னரே தம் கருத்தைத் தெரிவிக்கிறார். இதே அடைப்பு அறிவுக்குறையற்ற குழந்தைக்கு நேர்ந்திருப்பின் மருத்துவர்கள் நீதிமன்ற ஆணை பெற்றேனும் காப்பாற்றியிருப்பர். அங்ஙனமாயின், உயிர்வாழும் உரிமைக்கு அறிவாற்றலா அளவுகோல்? பெற்றோரின் துயரம் மெய்யானதே. எனினும் பிறர்பொருட்டு ஏற்கத்தக்க துயரமும் உண்டென்கிறார் கஸ்டஃப்சன். வேதவசனங்களை அடுக்காமலே சிலுவையின் தர்க்கத்தை அவர் நிலைநாட்டியதாக எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டே யேல் மருத்துவர்கள் டஃப், கேம்பெல் இருவரும் தம் சிசுப் பிரிவின் 299 மரணங்களில் 43 சிகிச்சையை நிறுத்தியதால் அல்லது தவிர்த்ததால் நேர்ந்தவை என வெளிப்படையாக எழுதினர். இத்தகைய முடிவு குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் உரியது என்பது அவர்கள் நிலை. அக்குழந்தைகளுட் பலரின் நிலை பால்டிமோர்க் குழந்தையினதைவிட மிகக் கொடியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

1982 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டனில் வரலாறு திரும்பிற்று. டௌன் நோய்க்குறியுடன் உணவுக்குழல் அடைபட்டுப் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் அறுவை சிகிச்சையை மறுத்தனர். நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டுக்கு ஆயத்தம் செய்யப்படுகையில், பிறந்த ஆறாம் நாள் அது இறந்தது. தலைமை மருத்துவ அதிகாரியும் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணருமான எவரெட் கூப், பிரஸ்பிடேரியன் விசுவாசி, இதனால் கொதித்தெழுந்தார். 1983இல் அரசு, மருத்துவமனைச் சுவர்களில் எச்சரிக்கை அறிவிப்பு ஒட்டவும் தொலைபேசியில் புகார் செய்யவும் விதி வகுத்தது. வேதனையிலிருக்கும் தாயின் கட்டிலருகே வேவு பார்க்கும் சுவரொட்டி! குழந்தையைக் காக்க வேண்டுமென்ற நோக்கம் சரியே, வழி முரட்டுத்தனமானது. விதியின் பிந்திய வடிவத்தை 1986இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1984ஆம் ஆண்டுச் சட்டமோ நிலைத்தது. மீளா மயக்கம், சாவை நீட்டிக்க மட்டுமே உதவும் சிகிச்சை, பயனற்றதும் மனிதத்தன்மையற்றதுமான சிகிச்சை ஆகியவற்றை அது விலக்கிவைத்தது. எஞ்சிய குழந்தைகளைப்பற்றி ஆலோசிக்க மருத்துவமனைகளில் அறநெறிக் குழுக்கள் பெருகின. ஆயர்களும் அவற்றில் அமரலாயினர்.