வாசிப்புரிமையும் உபாத்தியாயர்களும்

கிராமத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவன், யாரிடமும் உத்தரவு கேட்காமலும் சல்லிக்காசு செலவிடாமலும், கைபேசியில் புறநானூற்றைத் திறந்து தனக்கு வேண்டிய பாட்டைத் தேடிப் படிக்கலாம் என்பது இன்றைக்குச் சர்வ சாதாரணமான காரியமாகிவிட்டது. இந்தச் சௌகரியத்தை யந்திர யுகத்தின் வரப்பிரசாதமென்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் பூர்வ சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கோ, கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வுரிமைக்காகப் பாடுபட்டவர்கள் வரிசையாகத் தென்படுவார்கள். அவர்களுள் முன்னணியில் நின்றவர்கள், பாடஞ்சொல்லிக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்ட உபாத்தியாயர்கள் என்பதும் விளங்கும்.

அச்சு நூல் பரவாத காலத்தில், ஒரு நூலைப் படிக்க விரும்பியவன் முதலில் அதை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய மாணாக்கன், கை தேறிய பிறகு பனையோலையைச் சீராக நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கீறிய எழுத்துக் கண்ணுக்குப் புலப்படும்படி மஞ்சளையும் கோவையிலைச் சாற்றையும் கரியையும் தடவித் தன் சுவடியைத் தானே உண்டாக்கிக்கொள்வான். ஓலை கிழிந்துவிடுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை; எகரமா ஏகாரமா என்பதையும் இடம் நோக்கியே உய்த்துணர வேண்டும். ஆகையால் ஏடு கையிலிருந்தும், அதை வாசித்துக் காட்ட ஓர் ஆசான் அருகில் இல்லாதவனுக்கு அதனாற் பெரும்பயன் விளையாது. ஏடுகளோ மடங்களிலும் வித்துவான்களின் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. உடையவர் மனம் இரங்கினால் இரவல் கிடைக்கும், இல்லையேல் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த இரக்கமும் சாதி, செல்வம் என்னும் வேலிகளைத் தாண்டி அநேகரை எட்டவில்லை.

அச்சுக்கூடங்களுக்கிருந்த உத்தரவுச் சீட்டுக் கட்டுப்பாடு 1835ஆம் வருஷத்துச் சட்டத்தால் நீங்கிய பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரிய உத்தியோகத்தைத் துறந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்து, அச்சியந்திரம் ஒன்றையும் வரவழைத்து, பிள்ளைகள் படிப்படியாக வாசித்தேறும்படி பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் பழந்தமிழ்ச் சுவடிகளின்மேல் நாட்டங்கொண்டு, கல்லூரி வேலை போக மிஞ்சிய பொழுதையெல்லாம் பிரதிகளைத் தேடுவதிலும் ஒப்புநோக்குவதிலும் செலவிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். இன்று கைபேசித் திரையில் ஒளிரும் சங்கப் பாடல் ஒவ்வொன்றின் பின்னாலும், இவ்விதமான ஆசிரியர்களின் கண்ணொளி செலவாகியிருக்கிறது.

அச்சு வந்து நூல்கள் பெருகியபோதிலும், விலை கொடுக்க இயலாதவனுக்கும் பட்டணத்துக்கு வர இயலாதவனுக்கும் அவை எட்டாப் பொருளாகவே இருந்தன. இவ்விரண்டு இடர்களையும் களைய முற்பட்டவரும் ஓர் உபாத்தியாயரே. சீர்காழியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துவந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924ஆம் வருஷத் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகராக நியமனம் பெற்றபோது, ஆளரவம் குறைந்த அந்தப் பதவியில் மனம் ஒட்டாமல் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். பின்பு இங்கிலாந்து சென்று, அங்கே பொது நூலகங்கள் சகல தரத்து ஜனங்களுக்கும் பயன்படும் விதத்தை நேரிற் கண்ட பிறகுதான் அவர் உள்ளம் இப்பணியில் முழுமையாகத் தோய்ந்தது. 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து: நூல் புழங்குவதற்கே உரியது, வாசகன் ஒவ்வொருவனுக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகனை அடைய வேண்டும், வாசகனுடைய காலம் வீணாகலாகாது, நூலகம் ஓயாது வளரும் இயல்பினது என்பனவே அவை. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை அமைத்த நூலக வண்டி, மாடுகள் இழுக்க, சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகம் சுமந்து புறப்பட்டது. வாசகன் நூலைத் தேடி அலைந்த தேசத்தில், நூலே வாசகனைத் தேடி வயற்புறத்துப் பாதையில் வந்தது பெரும் புரட்சியல்லவா?

ரங்கநாதனுடைய இடைவிடாத முயற்சியின் பயனாக, தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற் சட்டம் அதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பெற்றதால், நூலகம் தனவந்தர்களின் தயவை மட்டும் நம்பியிராமல் குடிமக்களின் பொதுச்சொத்தாயிற்று. அடுத்த வருஷமே அரசாங்கம் சுப்பிரமணிய பாரதியாருடைய நூல்களின் உரிமையை வாங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் அவற்றை யாரும் பதிப்பிக்கலாமென்று பொதுவில் விட்டது. முந்தைய செயலால் நூல் ஊர் தேடி வந்தது. பிந்தைய செயலால் உரிமைக் கட்டினின்றும் விடுபட்டது. இவ்விரண்டும் கூடினால்தான் வாசிப்புச் சுதந்திரம் முழுமையடையும்.

இந்த அஸ்திவாரத்தின்மேல்தான் கணினி யுகம் தன் கட்டடத்தை எழுப்பியது. 1998ஆம் வருஷப் பொங்கல் திருநாளில், சுவிட்சர்லாந்திலிருந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த பேராசிரியர் குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல தேசங்களிற் சிதறியிருந்த தமிழர்கள், கூலி எதுவும் பெறாமல், ஒருவர் தட்டெழுத மற்றொருவர் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்த, இலக்கியங்களை மின்னெழுத்தில் ஏற்றினார்கள். ஒரு கணினியில் தெளிவாகத் தெரியும் எழுத்து மற்றொன்றில் சிதைந்து தோன்றிய அந்நாளில் திஸ்கி என்னும் குறியேற்றத்தையும், பின்பு யூனிகோடையும் கைக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2001இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், பெரியதொரு மின்னூலகத்தை நடத்துகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாகிக் கிடைத்தற்கரிய சுவடிகளும் நூல்களும் சாம்பலான துயரத்தை அனுபவித்த ஈழத்தமிழர்கள், 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகத்தில் தம் நூல்களையும் பத்திரிகைகளையும் சேமித்து யாவர்க்கும் வழங்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களோ இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதோடு, 2018 முதல் வெளிவந்த புதிய நூல்களில் கியூஆர் குறியீடும் பெற்றிருக்கின்றன.

சட்டமும் இவ்விஷயத்தில் உபாத்தியாயருக்கு ஓரளவு இடங்கொடுத்திருக்கிறது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல் எவருக்கும் பொது. உரிமை நீங்காத நூலிலிருந்தும், ஆசிரியரோ மாணாக்கரோ பாடம் நடத்தும் பொருட்டுப் பகுதிகளைப் படியெடுத்துக்கொள்ளலாமென்று 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின்மீது பெரும் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவின் ஆதாரத்தாலேயே மாணாக்கர் பக்கம் நின்றது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை, 2014இல் உலக நாடுகளுள் முதலாவதாக ஏற்று உறுதிசெய்ததும் இந்தியாவே. இவ்வளவும் நம் உபாத்தியாயர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

குறைகள் இல்லாமலில்லை. மின்னூலென்று நாம் பெருமை பேசுபவற்றுள் பல, பக்கங்களைப் படம் பிடித்து வைத்தவை. அவற்றில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வையற்ற மாணாக்கனுக்குக் கணினி அவற்றை வாசித்துக் காட்டுவதும் அரிது. கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மின்னூலகமும் பரண்மேற் கிடந்த பழைய ஏடும் ஒன்றே. பள்ளியில் கணினி இருந்தும் அறை பூட்டிக் கிடந்தால், புத்தகம் இருந்தும் பீரோ திறக்கப்படாவிட்டால், ரங்கநாதனுடைய முதல் விதி அங்கே தினந்தோறும் மீறப்படுகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் இது. உங்கள் பாடக் குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும், பிறர் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளித்து, தேடக்கூடிய எழுத்து வடிவிலேயே வெளியிடுங்கள். பொதுவுடைமையான நூல் ஒன்றையாவது உங்கள் மாணாக்கரோடு சேர்ந்து பிழைநீக்கி இணையத்தில் ஏற்றுங்கள். பரீட்சைக்கு வேண்டாத புத்தகத்தையும் பிள்ளை தன் இஷ்டப்படி எடுத்துப் படிக்க வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நாவலரும் சாமிநாதையரும் ரங்கநாதனும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தொடங்கிய காரியத்தை முடித்துவைக்கும் கடமையும் உங்களுடையதே.