கற்பிட்டியிலிருந்து புதுக்கடைக்கு

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியை (1807–1860) தமிழ்ப் புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதியவராகவே நம் மாணவர் அறிவர். அவர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் வீற்றிருந்தார் என்பதை நாம் வகுப்பில் சொல்வதில்லை. அவருடைய தீர்ப்பை ஏற்க மனமில்லாத கரைவலைத் தொழிலாளி ஒருவன் எங்கே போய் முறையிட்டிருப்பான்?

1833ஆம் ஆண்டு நீதிச் சாசனம் இதற்கு வழி வகுத்தது. மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேலே ஓர் உயர் நீதிமன்றம். பிரதம நீதியரசரும் துணை நீதியரசர் இருவரும். தீவு முழுமைக்கும் மூவரே! ஆயினும் அவர்கள் சுற்றுகளாகத் தீவை வலம்வந்து வழக்குக் கேட்கவேண்டும் என்றது சாசனம். நீதி குடிமகனை நாடிப் போகவேண்டும் என்ற எண்ணம், அந்நியன் வகுத்த ஏட்டிலாயினும், அதில் இருந்தது. காலப்போக்கில் மேன்முறையீடு கொழும்புப் புதுக்கடையிலே நிலைகொண்டது. அதற்கும் அப்பால் இலண்டன் கோமறைக் கழகம். மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை, வாக்குரிமை வழக்கை 1953இல் தள்ளியது அந்தக் கழகந்தான். கடல் கடந்து வழக்காடக் காசுள்ளவர் எத்தனை பேர்?

1971இல் அந்த வழி அடைபட்டு, இங்கேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தோன்றியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கிற்று. 1978 அரசியலமைப்பு வேறோர் உருவில் மீண்டும் நிறுவிற்று. தலைவரோடு பதினொருவர் வரை இருந்த அந்த மன்றத்தில் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தலைவரோடு பத்தொன்பதின்மர் வரை இருக்கலாம். எல்லாரும் ஒருங்கே அமர்வதில்லை. மேல் நீதிமன்றம் விளங்கிய குற்ற வழக்கின் மேன்முறையீட்டைச் சாதாரணமாக இருவர் ஆயமே கேட்கும். அமெரிக்க மேற்குக்கரையின் ஒன்பதாஞ் சுற்று மன்றத்தில் 29 நீதிபதிப் பதவிகள்; மூவர் மூவராகப் பிரிந்து சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், பசதேனா என்று பல நகரங்களில் அமர்கிறார்கள். 'சுற்று' என்ற பெயரும் அங்கே பிழைத்திருக்கிறது.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணந்தோறும் மேல் நீதிமன்றத்தை வைத்தது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்துக் குடியியல் மேன்முறையீடுகளை அங்கே குறைந்தது இரு நீதிபதிகள் கேட்பர். புத்தளக் கரைக்கு அது குருநாகல். கற்பிட்டியிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேலே; எனினும் கொழும்பினும் கிட்ட என்று ஆறுதல் கொள்ளலாம்.

தூரத்தினும் பெரிய இடர் மொழி. 1988ஆம் ஆண்டுப் பதினாறாந் திருத்தப்படி தமிழிலே வழக்கிடலாம், வாதாடலாம். மொழிபெயர்ப்புக் கோரவும் உரிமையுண்டு. ஆனால் வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமே. உடப்பு மீனவனும், 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிமும் தமிழில் சாட்சி சொல்கிறார்கள். அது சிங்களத்தில் ஏடேறுகிறது. மேலே போனால் தீர்ப்புப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. மேன்முறையீட்டில் சாட்சியின் முகத்தைப் பொதுவாக எவரும் காண்பதில்லை. அங்கே பேசுவது ஏடு ஒன்றே. காணியின் எல்லையைக் காட்டும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் தவறவிட்டால், அந்தத் தவறே புதுக்கடை வரை பயணம் போகிறது.