மீன் இல்லாத மீன் குழம்பு

சைவ மீன் குழம்பு என்கிற பேரை நான் முதலில் பார்த்தது ஒரு வாரப் பத்திரிகையின் சமையல் பக்கத்தில். வாழைக்காயை மீன் துண்டு மாதிரிச் சாய்த்து வெட்டிச் செய்வதாம். புதுமை என்று போட்டிருந்தார்கள். ஆத்தாகிட்டப் படிச்சுக் காட்டினேன். "அட, இது நம்ம இல்லாத நாளு குழம்புல்லடா" என்றாள்.

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தெருவுக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதும் மீன் சட்டியில் இருப்பதும் வேறு வேறு. கார்த்திகையில் வாடை முறுக்கினால் வள்ளம் போகாது. வள்ளம் போகிற நாளிலும் கையில் காசு இல்லையென்றால் மீன்கூடை எங்க வாசலைத் தாண்டிப் போயிரும். அந்த மாதிரி நாளில் ஆத்தா கொல்லை வாழையில் ரெண்டு காய் அறுப்பாள்.

தோலைச் சீவி, மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காடு. வெந்தயமும் சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கணும். முண்டு வத்தலையும் மல்லியையும் அம்மியில் அரைச்சு, புளியைக் கெட்டியாகக் கரைச்சு ஊத்தி, எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கவிட்டு, அப்புறம்தான் காயைப் போடுவாள். முந்திப் போட்டால் கரைஞ்சிரும். ராத்திரி வைத்துக் காலையில் சாப்பிட்டால் உறைப்பும் புளிப்பும் காய்க்குள்ளே ஏறியிருக்கும். மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மீன் கொதிச்ச மண்சட்டி அது. மீன் வாங்க முடியாத நாளில் பழைய மீன் வாசத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்.

அந்த மண்சட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் இதே இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் நம் மக்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். இன்று சாலையோரம் எங்கே பார்த்தாலும் 'மண்பானைச் சமையல்' என்று பலகை தொங்குகிறது. மண்சட்டியில் ருசி உண்டு, யார் இல்லையென்றது? ஆனால் நம் பாட்டன் பூட்டிகளுக்கு அது சட்டம் போட்டுக் கொடுத்த சட்டி.

கறி போலவே காயைச் சமைக்கிற வித்தை உலகமெங்கும் உண்டு. சீனத்துப் புத்த மடங்களில் கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுத்த பசையில் இறைச்சி போலவே செய்தார்கள். அது வேண்டாமென்று விட்டவர்களின் சமையல். எங்களுடையது கிடைக்காதவர்களின் சமையல். மறைக்க வேண்டிவந்தவர்களின் சமையல் என்றும் ஒன்று உண்டு. அதை நான் பிறகுதான் பார்த்தேன்.

1994-ல் இராமேஸ்வரத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் சாதியைக் கேட்கவில்லை. "என்ன சாப்பிடுவீங்க?" என்றுதான் கேட்டார். கறி, மீன் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். வேறு வீடு அமையவில்லை, ஒத்துக்கொண்டேன். ஆத்தா வந்து தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி தின்று வளர்ந்த நாக்கு அவளுக்கு. மண்டபம் அகதி முகாமிலிருந்து வேலைக்கு வந்துபோன ஈழத்து அக்கா ஒருத்தி அவளிடம், "சோயாமீற் சமைச்சுப் பாருங்கோ அம்மா, இறைச்சி மாதிரித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொடுத்தாள். நம்ம கடையில் அதற்குப் பேர் மீல்மேக்கர். எண்ணெய் எடுத்த சோயா மாவை எந்திரத்தில் அழுத்திச் செய்கிற உருண்டை. ஏறக்குறைய பாதி புரதம்.

ஆத்தா அதை உப்பு வெந்நீரில் ஊறப்போட்டு, ரெண்டு தரம் பிழிந்து பச்சை வாடையைப் போக்கினாள். இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை, மிளகு அரைத்துப் பிசறி, தேங்காய்ச் சில்லு போட்டுச் சுருள வதக்கினாள். மாட்டுக்கறிக்கு என்ன பக்குவமோ அதே பக்குவம். வாயில் போட்டுப் பார்த்து, "மாட்டுக்கறி இல்ல, அதோட ஒண்ணுவிட்ட தம்பி" என்று சிரித்தாள்.

சிரிப்பு அடங்குமுன் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். வாசம் தெரு வரைக்கும் வருது என்றார். ஆத்தா பாத்திரத்தையே கொண்டுவந்து நீட்டினாள். ஒரு உருண்டையைப் பிய்த்தும் காட்டினாள். கறி இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. "இல்லாட்டியும், இந்த மாதிரி வாசமே இங்க ஆகாது" என்றார். அடுத்த மாதம் காலி செய்தோம். அவர் மோந்தது எங்கள் சாதியை.

சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. பிறகு அந்தச் சொல் சில வீடுகளில் காய்ப் பொரியலுக்கும் நம் வீடுகளில் இறைச்சிக்கும் பேரானது. கடலுக்கு அந்தப் பக்கம் காய்கறியே மரக்கறிதான். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், தன்னைப் போல் பாடுகிறவர்களின் கை இறைச்சியும் சோறும் தின்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் மெத்தென்று இருக்கிறது எனப் புறநானூற்றில் சேர மன்னனிடம் சொல்கிறார். காய் சுத்தம், கறி தீட்டு என்கிற கணக்கு தமிழோடு கூடப் பிறந்ததில்லை.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும். என் மகள் அந்த நாட்களில் மாங்காயும் சேர்த்து வாழைக்காய்க் குழம்பு வைக்கிறாள். அப்பத்தா குழம்பு என்று பேர் வைத்திருக்கிறாள். ஆசையாகத்தான் சாப்பிடுகிறோம். வேணும்னா மீன் வாங்கலாம், வேண்டாம்னா விடலாம். இந்த ரெண்டுமே ஆத்தாவுக்கு வாய்க்கவில்லை.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழம்பு இருக்கும். அளவையும் பக்குவத்தையும் எழுதும்போது, எந்த நாளில், எதனால் அது அடுப்பில் ஏறியது என்பதையும் கேட்டு எழுதுங்கள். சொல்லுவதற்கு ஆள் இருக்கிறபோதே கேளுங்கள்.