கியோட்டோவின் கடைமுகப்புக் கட்டுப்பாடு

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், கட்டடங்களின் வெளித்தோற்றத்தையும் விளம்பரப் பலகைகளையும் மாநகராட்சி ஒழுங்குபடுத்தும் முறை. 2004ஆம் ஆண்டின் தேசிய நிலக்காட்சிச் சட்டம் உள்ளாட்சிகளின் கையை வலுப்படுத்தியது. அதன் துணையோடு கியோட்டோவின் புதிய நிலக்காட்சிக் கொள்கை 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நகர மையத்தில் கட்டட உயர வரம்பு 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைந்தது. மொட்டைமாடிப் பலகைகளும் மின்னி அணையும் விளம்பர விளக்குகளும் நகர் முழுவதும் தடைசெய்யப்பட்டன.

இதன் விளைவைக் கண்கூடாகக் காட்டுபவை கொன்பினி எனப்படும் 24 மணிநேரக் கடைகள். செவன்-இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுப்பது அவற்றின் நிறப்பட்டைகள்தான். கட்டுப்பாடு கைவைத்ததும் அங்கேதான். லாசனின் நீலம் சில கிளைகளில் அறவே மறைந்து, வெள்ளையும் கறுப்புமாக அடங்கிவிட்டது. பழக்கமில்லாத பயணி கடையைத் தாண்டிப் போய்விடவும் கூடும்!

புதிய பலகை வைக்க மாநகராட்சியின் அனுமதி தேவை. பரப்பளவு, உயரம், நிறம் பற்றிய வரம்புகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். கோயில்களும் பழைய மரவீடுகளும் உள்ள தெருக்களில் கெடுபிடி அதிகம். ஏற்கெனவே இருந்த பலகைகளை மாற்ற 2014 ஆகஸ்ட் வரை அவகாசம் தரப்பட்டது. வணிகர்களின் முணுமுணுப்பை மீறி நிலைத்த திட்டம் இது. மெக்டொனால்ட்ஸ்கூட இங்கே பல கிளைகளில் சிவப்பை விட்டுப் பழுப்புப் பலகையே வைத்திருக்கிறது.