தும்பிக்கை லை கணினிக்கு வந்த கதை

திருச்சி புத்தூரில் பெரியார் மாளிகை இருக்கிறது. அதே புத்தூரின் அக்ரஹாரத்திலிருந்துதான் எஸ். கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் வைணவ நூல்களைப் பதிப்பித்து வந்தார். இரண்டுக்கும் அஞ்சல் எண் ஒன்றுதான், திருச்சி 17. லை, னை என்று இன்று நாம் எழுதுகிற வடிவத்தைப் பெரியார் 1935-லேயே தம் ஏடுகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்ரீரங்கத்து வீட்டு அலமாரிகளில் உள்ள பழைய வியாக்கியானப் பதிப்புகளைத் திறந்தால், லகரத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை வளைந்து நிற்கும். ஒரே ஊர், ஒரே மொழி, எழுத்துக்கு மட்டும் இரண்டு தோற்றம்.

கணினித் திரையில் இந்த இரண்டில் எது தானாக வந்து நிற்க வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் அந்த முடிவு பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. லோஹித் தமிழ் என்ற எழுத்துருவில் அது எல்லாரும் படிக்கக்கூடிய சில வரிகளாக இருக்கிறது. அதனால்தான் அதன் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

எழுத்தின் தோற்றத்தை ஒருவர் உட்கார்ந்து மாற்றுவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது, வீரமாமுனிவரின் திருக்காவலூர். ஓலையிலும் கல்லிலும் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள். குறிலா நெடிலா என்பதை வாசிப்பவர் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் காட்டியவர் வீரமாமுனிவர் என்பது மரபு. இன்று ‘தேர்’ என்று எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சுழியைப் போடுகிறது.

அடுத்த பெரிய மாற்றம் அரசாணையாக வந்தது. பெரியாரின் நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு அவருடைய எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் முகம் மாறின. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் ஆக்கும் பகுதி மட்டும் நின்றுபோனது. அச்சுக் கோப்பவருக்கு அறைகள் குறைந்தன, தட்டச்சு எளிதானது, பள்ளிப் பிள்ளைக்கு விதிவிலக்குகள் ஒழிந்தன. சீர்திருத்தம் சரியானது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

கணினிக்குத் தமிழ் வந்தபோது தோற்றமும் எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு நாளிதழின் இணையதளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்க வேண்டியிருந்த காலம் அது. அந்த எழுத்துரு இல்லாத பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் ஐரோப்பிய எழுத்துக் குவியல்தான் தெரியும். தமிழக அரசு 1999-ல் அறிவித்த டாப், டாம் குறியேற்றங்களும், உலகத் தமிழர் கூடி அமைத்த டிஸ்கியும் வடிவத்துக்குத்தான் எண் கொடுத்தன. யூனிகோடு வேறு வழியில் போனது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் லை என்பது ‘ல’ ஒன்று, ஐகாரக் குறி ஒன்று, அவ்வளவுதான். அதைத் தும்பிக்கையோடு காட்டுவதா தனியாகக் காட்டுவதா என்பது எழுத்துருவின் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவைக் கொடுத்தது. அது சீர்திருத்த வடிவம்தான், ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

லினக்ஸ் பக்கம் அப்போது பஞ்சம். கேடிஈ, க்னோம் மேசைத்தளங்களைத் தமிழாக்க வெளிநாட்டுத் தமிழர்களும் உள்ளூர்க்காரர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். மொழிபெயர்த்த சொல் திரையில் ஒழுங்காகத் தெரிய நல்ல எழுத்துரு வேண்டுமே! ரெட் ஹாட் நிறுவனம் 2004-ல் ஐந்து இந்திய மொழிகளுக்கு லோஹித் எழுத்துருக்களை வெளியிட்டது. வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபியோடு தமிழும் அந்த முதல் வரிசையில் இருந்தது. முதலில் ஜிபிஎல் உரிமம், 2011-ல் எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓஎஃப்எல். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். பிறகு லோஹித் 2 என்ற பெயரில் ப்ரவீண் சத்புதே முதலானோர் புனேயிலிருந்து இந்த எழுத்துருக்களின் விதிகளைத் தனிக் கோப்பில், மனிதர் வாசிக்கும்படி திருத்தி எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூலக்கோப்பைத் திறந்து பாருங்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற கட்டற்ற மென்பொருளின் கோப்பு அது. சாதாரண நோட்பேடிலும் திறக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பத்தி. அதில் வரிவரியாக எண்கள்: வளைவு எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது, நடுவில் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற கணக்கு. அந்த எண்களை அடுத்து நேர்கோடா வளைவா என்று ஓர் எழுத்துக் குறி. ழகரத்தின் கீழ்வால் உங்களுக்கு நீளமாகப் பட்டால் அந்த எண்ணைக் குறைத்துப் பார்க்கலாம். டெர்மினலில் ‘மேக்’ என்று கட்டளை கொடுத்தால் மூலம் தொகுக்கப்பட்டுப் புதிய எழுத்துருக் கோப்பு வந்து விழும். அதை உங்கள் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, ‘எஃப்சி-கேஷ்’ ஓட்டினால் கணினி அதை அறிந்துகொள்ளும். புதிதாகச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே அதே பெயரில் ஒரு பிரதி கணினியில் இருந்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. தொகுப்பதற்கு முன் எழுத்துருவின் பெயரை மாற்றிவிடுவது நல்லது.

இப்போது விதிக்கோப்பு. 1978-ல் மாறிய எழுத்துகள் 13 என்றேன். கணினிக்கு அத்தனை விதி தேவையில்லை, ஏழே போதும். காரணம் அழகானது. ‘ணொ’ என்று தட்டும்போது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரல் ஒகரக் குறியை இரண்டாகப் பிளக்கிறது. கொம்பு ணகரத்துக்கு முன்னால் போகிறது, கால் பின்னால் நிற்கிறது. ‘ணோ’ வந்தாலும் இதே கதைதான், கொம்பு மட்டும் இரட்டைச் சுழி. எனவே ணகரமும் காலும் சேர்ந்தால் பழைய ணா என்று ஒரு விதி எழுதினால் ணா, ணொ, ணோ மூன்றும் ஒரேயடியாகப் பழைய முகம் பெறுகின்றன. றவுக்கும் னவுக்கும் இப்படியே ஒவ்வொன்று. ஐகாரக் குறியை நிரல் எழுத்துக்கு முன்னால் நகர்த்திவிடுவதால் அதுவும் ணகரமும் அடுத்தடுத்து வரும்போது தும்பிக்கை ணை. ல, ள, ன மூன்றுக்கும் அவ்வாறே. மூன்றும் நான்கும் ஏழு. ஒரு தலைமுறையே சண்டையிட்ட விஷயம் இங்கே ஏழு வரியும் ஏழு வரைவும்.

லோஹித் தமிழில் இந்த ஏழு விதிகள் இல்லாத தோற்றமே இயல்பு. பழைய வரிவடிவம் வேண்டுவோருக்காக லோஹித் தமிழ் கிளாசிக்கல் என்று தனி எழுத்துரு தரப்பட்டது. ஃபெடோராவில் அது தனித் தொகுப்பு, வேண்டுமானால் நிறுவிக்கொள்ளலாம். எது இயல்பு என்பதை இன்னொரு இடமும் தீர்மானிக்கிறது, அது லினக்ஸில் எழுத்துருவைத் தேர்ந்து கொடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நிரல். அதன் அமைப்புக் கோப்புகளின் பெயர் எண்ணில் தொடங்கும். கணினி எண் வரிசையில் அவற்றைப் படித்து, தமிழ் என்று கேட்டால் எந்த எழுத்துருவை முதலில் கொடுப்பது என்று பட்டியல் போடுகிறது. உங்கள் வீட்டுக் கோப்புறையில் நீங்கள் எழுதிவைக்கும் சில வரிகளும் அந்தப் பட்டியலை மாற்ற முடியும். அண்மை ஆண்டுகளில் பல லினக்ஸ் வெளியீடுகள் கூகுளின் நோட்டோ எழுத்துருவை இயல்பாக வைத்துக்கொண்டன. லோஹித் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது. ஆனால் மூலம் அப்படியே இருக்கிறது, யாரும் எடுக்கலாம்.

புதிய வடிவம் இயல்பாக இருப்பதே முறை. இன்று படிக்கிற பிள்ளைக்குத் தும்பிக்கை லை தெரியாது, திரையில் அதைத் திடீரென்று காட்டினால் அது பிழையென்றே நினைக்கும். பிறகு பழைய வடிவம் எதற்கு என்று கேட்பவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1978-க்கு முன் அச்சான நூலின் பக்கப் படம் இடப்பக்கம், தட்டெழுதிய உரை வலப்பக்கம். வலப்பக்கத்துக்குப் பழைய வரிவடிவ எழுத்துருவைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும், பிசகு உடனே கண்ணில் உறுத்தும். உரைக்குள் ஒரு புள்ளிகூட மாறாது. வேலை முடிந்ததும் எழுத்துருவை மாற்றினால் அதே உரை இன்றைய வடிவில் நிற்கும். டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளைப் பழைய நூல்களுக்குப் பழக்கவும் இது வேண்டும். எழுத்துருவைக் கொண்டு பக்கப் படங்களைச் செய்து, அவற்றைக் காட்டித்தான் அதற்குப் பாடம் நடத்துகிறார்கள். தும்பிக்கையைப் பார்த்திராத மென்பொருள் புத்தூர் அக்ரஹாரப் பதிப்பில் வரிக்கு வரி தடுக்கும்.

எங்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு விதி வேண்டும். ‘ஸ்ரீ’ என்று யூனிகோடில் தனி எழுத்து இல்லை. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி நான்கையும் சேர்த்து ஒரே வடிவமாகக் காட்டு என்று எழுத்துருவில் எழுதியிருப்பதால்தான் ஸ்ரீரங்கம் உடையாமல் நிற்கிறது. 2005-ல் யூனிகோடு 4.1 ஶகரத்தைச் சேர்த்தது. அதன்பின் ஶகரத்தில் தொடங்கும் இன்னொரு வழியும் புழங்குகிறது. நல்ல எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒரு விதமாகத் தட்டி வைத்த ஊரை மற்ற விதமாகத் தட்டித் தேடினால் தேடல் கைவிரித்துவிடும். தகவல் தளம் நடத்துபவர்கள் இரண்டையும் சேர்த்துத் தேட வைக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இரண்டு தனி எழுத்துருக்களாக வைப்பதைவிட, ஒரே எழுத்துருவுக்குள் இரண்டு தோற்றத்தையும் வைத்து, வேண்டும்போது ஒன்றை முடுக்கிவிடும் ஏற்பாடு மேலானது. ஓப்பன்டைப்பில் அதற்கென்றே மாற்றுவடிவத் தொகுதி என்ற வசதி இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸில் எழுத்துருப் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு அதன் சுருக்கப் பெயரைத் தட்டினால் போதும். வலைப்பக்கத்திலும் ஒரு வரியில் முடியும். ஏழு வரைவுகள் தயாராகவே இருக்கின்றன, விதிகளை இந்தத் தொகுதிக்குள் நகர்த்தினால் போதும்.

மணிப்பிரவாள உரைகளுக்கு அதுவும் போதாது. கிரந்த எழுத்துகள் தமிழோடு கலந்து அச்சான பதிப்புகள் ஸ்ரீரங்கத்தில் நிறைய. கிரந்தம் 2014-ல் யூனிகோடு 7.0-ல் தனித் தொகுதியாக வந்துவிட்டது, எழுத்துருக்களும் வந்துவிட்டன. ஆனால் தமிழுக்கு ஓர் எழுத்துரு, கிரந்தத்துக்கு வேறொன்று என்று கணினி ஒரே வரியில் மாறி மாறி எடுக்கும்போது கோட்டின் தடிமனும் எழுத்தின் உயரமும் ஒத்துவருவதில்லை. லோஹித் தமிழ் கிளாசிக்கலின் கோட்டு அளவையே எடுத்துக்கொண்டு கிரந்த எழுத்துகளை அதன் பக்கத்தில் வரைந்து சேர்க்க வேண்டும். உரிமம் அனுமதிக்கிறது, மூலம் திறந்திருக்கிறது. வரைகோல் பழக்கமும் கிரந்த வாசிப்பும் சேர்ந்த ஒருவர் ஸ்ரீரங்கத்திலோ புத்தூரிலோ கிடைத்தால் அடுத்த வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.