தரையின் ஒளியும் உழைப்பின் மதிப்பும்

பெரியதோர் அலுவலகக் கட்டடத்துள் காலையில் நுழைகின்றோம். தரை கண்ணாடிபோல் ஒளிர்கின்றது. அக்கட்டடத்தைத் திறந்து வைத்தவர் யார் என்பது வாயிற் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். இரவெல்லாம் விழித்திருந்து அத்தரைக்கு ஒளி தந்தவர் யார் என்பதற்குக் கல்வெட்டு ஏதுமில்லை. மன்னர்களையும் போர்களையும் பற்றி மட்டுமே பேசுவது முழு வரலாறு ஆகாது. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தரை மெருகிடும் தொழிலின் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விழைகின்றேன். தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலுள் எத்துணை அறிவு அடங்கியுள்ளது என்பதையும், அதற்குரிய மதிப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் அவ்வரலாறு காட்டும்.

இத்தொழில் இன்றைய வடிவில் பெரிதும் வளர்ந்த இடம் அமெரிக்க நாடு. 1886 ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் சாமுவேல் கர்டிஸ் ஜான்சன் என்பார் மரத்தரை விற்கும் வணிகத்தைத் தொடங்கினார். தரையை வாங்கியவர்கள், அதனைக் காக்கும் வழியையும் அவரிடமே கேட்டனர். அதன் பொருட்டு அவர் ஆக்கிய மெழுகு, நாளடைவில் மரத்தரையினும் பெருவணிகம் ஆயிற்று. பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னூபா மெழுகு இதற்குச் சிறந்த மூலப்பொருள். அப்பனையைத் தேடி அக்குடும்பத்து வழித்தோன்றல் ஒருவர் 1935 இல் விமானமேறிப் பிரேசில் சென்றார். ஒரு தரையின் ஒளிக்குப் பின்னால் கடல் கடந்த இயற்கையும் வணிகமும் இருந்தன என்பது இதனால் விளங்கும்.

1933 இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான தரை மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளி, மருத்துவமனை, கடை, அலுவலகம் என எங்கும் வினைல் ஓடுகள் பதிக்கப்பட்டன. மெழுகின் இடத்தைப் பாலிமர் பூச்சுகள் பிடித்தன. நீர்போல் ஊற்றிப் பரப்பினால் உலர்ந்து கெட்டியாகிப் பளபளக்கும் தன்மை வாய்ந்தவை அவை.

ஆயினும் எப்பூச்சும் நிலைத்திராது. ஆயிரக்கணக்கான காலடிகளால் மண்துகள் அதனுள் பதியும். நாட்பட மஞ்சள் நிறம் ஏறும். அதன்மேலேயே புதுப்பூச்சு இட்டால் அழுக்கையும் சேர்த்து மூடியதாகுமே அன்றி ஒளி வாராது. எனவே பழைய பூச்சு முழுவதையும் உரித்தெடுத்தல் வேண்டும். முதலில் தரையைப் பெருக்கி, எச்சரிக்கைப் பலகை வைப்பர். காரமும் கரைப்பானும் சேர்ந்த நீர்மத்தை உரிய அளவு நீரில் கலந்து பரப்புவர். காரம் பூச்சின் பிணைப்பைத் தளர்த்தும். கரைப்பான் அதனை இளக்கும். அது உலர்ந்துவிடாதபடி ஏறத்தாழ பத்து நிமிடம் ஊறவிட்டு, சுழலும் இயந்திரத்தால் தேய்த்து, சேறுபோலாகும் கழிவை உறிஞ்சியெடுத்து, தூய நீரால் அலசுவர். காரம் சிறிது எஞ்சினும் புதுப்பூச்சு ஒட்டாது. நன்கு உலர்ந்த பின்னரே மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் இடுவர். அளவும் காலமும் பொறுமையும் வேண்டும் இவ்வேலையை அறிவற்றோர் தொழில் என எவர் கூற வல்லார்?

இதில் ஆபத்தும் உண்டு. காரம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்; ஈரத்தரை வழுக்கி வீழ்த்தும். இவற்றினும் கொடியது ஒன்று மறைந்திருந்தது. ஏறத்தாழ 1980 வரை செய்யப்பட்ட வினைல் ஓடுகள் பலவற்றில் வலிமைக்காக ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் கலக்கப்பட்டிருந்தது. அதன் நுண்ணிழைகள் மூச்சுடன் உட்சென்றால் பல்லாண்டுகட்குப் பின்னும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் விளையும். 1994 இல் அமெரிக்க அரசு வகுத்த விதிகள், அத்தகைய தரையை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதைத் தடை செய்தன. பூச்சை உரிக்குங்கால் ஈரமாகவே தேய்த்தல் வேண்டும், இயந்திரம் நிமிடத்திற்கு 300 சுழற்சிக்குக் குறைவாகவே ஓடுதல் வேண்டும் எனவும் விதித்தன. பளபளப்பு முதலில் வந்தது. அதனை ஆக்கியோரின் உயிர்க்காப்போ நெடுங்காலம் கழித்தே வந்தது.

கூலியிலும் இதே நிலைதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அலுவலகக் கட்டடங்களில் 1980களில் வேலைகள் சங்கம் சாராத ஒப்பந்த நிறுவனங்களின் கைக்கு மாறின, கூலி வீழ்ந்தது. மெக்சிகோ, எல் சால்வடார் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரே அவ்வேலையில் மிகுந்திருந்தனர். ‘துப்புரவாளர்க்கு நீதி’ என்னும் முழக்கத்துடன் அவர்கள் ஒன்றுதிரண்டு 1990 இல் வேலைநிறுத்தம் செய்தனர். சூன் 15 அன்று செஞ்சுரி சிட்டி பகுதியில் அமைதியாக ஊர்வலம் சென்றோரைக் காவலர் தடிகொண்டு தாக்கினர்; பலர் காயமுற்றனர். பின்வாங்காது நின்ற அவர்கள், அம்மாதத்திலேயே ஒப்பந்த நிறுவனத்தை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தனர். இரவில் உழைத்தமையால் எவர் கண்ணிலும் படாதிருந்தோர், பகலில் வீதிக்கு வந்து தம்மை உலகிற்குக் காட்டினர்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. நம் நாட்டில் 1970 இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் மைய அரசு 1976 திசம்பர் 9 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் ஆளுகைக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்கவும் துடைக்கவும் காவல் காக்கவும் ஒப்பந்தக் கூலிகளை அமர்த்தலாகாது என்பது அதன் சாரம். அத்தடையின் பயனாய் அத்தொழிலாளர் நிறுவனத்தின் நேரடி ஊழியராவர் என 1996 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 இல் அதே மன்றத்தின் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 1976 அறிவிக்கையையும் நீக்கியது. ஒருமுறை பெற்ற உரிமை என்றும் கையில் இருக்கும் என வாளாவிருத்தல் கூடாது என்பதே இதன் படிப்பினை.

சாதி என்பது வேலையைப் பகுப்பது மட்டுமன்று, வேலை செய்வோரையே மேல் கீழெனப் பகுப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936 இல் எடுத்துக்காட்டினார். இழிவு தரையில் இல்லை. தரையைத் துலக்கும் கையிலும் இல்லை. இன்னார் மக்கள் இதனையே செய்க என விதித்து, உரிய கூலியையும் காப்பையும் மறுக்கும் ஏற்பாட்டில்தான் இழிவு இருக்கின்றது.

இளைஞர்களே! மருந்துக் கலனின்மேல் அச்சிட்டுள்ள எச்சரிக்கையைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். கூலிச் சீட்டைச் சரிபார்க்கக் கணக்கறிவு வேண்டும். அறிவிக்கையையும் தீர்ப்பையும் புரிந்துகொள்ளச் சட்ட அறிவு வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் ஏற்றிவரும் விளக்கு இவற்றுக்காகவே. விரும்பிய தொழிலைத் தேர்ந்து கொள்ளும் உரிமை பெறுங்கள். எத்தொழிலைத் தேர்ந்தாலும் அதன் அறிவை முழுதும் கற்று, உடனுழைப்போருடன் ஒன்றுபட்டு நில்லுங்கள். அந்நாளில், தரையில் காணும் ஒளி அதனைத் தந்தவர் வாழ்விலும் காணப்படும்.