மழைக்கு முன் ஒரு சிலிக்கன் கன்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம் கரையோரத்தில் நீண்டகாலம் கிடுகுக் கொட்டில்களில்தான் இருந்தன. 2007இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் பலர் கட்டங்கட்டமாகக் கிடைத்த பணத்தில் சீமெந்துக் கல் வீடு கட்டினார்கள். அந்த வீடுகளுக்கும் வயதாகிவிட்டது. கல்பிட்டிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போது யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்புத்தான் என் கண்ணில் முதலில் படுகிறது. அதற்குள்ளால் இறங்கும் தண்ணீர் அலுமாரியை நனைக்கும். காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் அதற்குள்தான் இருக்கும். இடம்பெயர்வில் ஒருமுறை தொலைத்து, கந்தோர் கந்தோராக அலைந்து திரும்ப எடுத்தவை அவை.

இந்த இடைவெளியை நாமே அடைக்கலாம். சுவரில் சரிவாக ஓடி, நாளுக்கு நாள் விரியும் வெடிப்பு என்றால் மட்டும் மேசனைக் கூப்பிடுங்கள்.

ஹாட்வெயார் கடையில் இருவகை கன் கிடைக்கும். ஒன்றில் தள்ளும் கம்பி பல்லுப்பல்லாக இருக்கும். விலை குறைவு. ஆனால் விசையை விட்ட பிறகும் அழுத்தம் குறையாது. கம்பியைத் திருப்பி இழுக்கும்வரை பசை வழிந்துகொண்டே இருக்கும். மற்றதில் கம்பி மழமழப்பாக இருக்கும். பின்பக்கத் தகட்டைப் பெருவிரலால் அமத்தினால் அழுத்தம் உடனே விடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இரண்டாவதையே வாங்குங்கள். பாதி ரியூப் நிலத்தில் வழிந்தால் மிச்சம் பிடித்த காசு அதோடு போய்விடும்.

சில கன்களில் 12:1, 18:1 என்று போட்டிருக்கும். நம் கைப்பலத்தை அது எத்தனை மடங்காக்கித் தள்ளுகிறது என்பதே அதன் பொருள். சிலிக்கனுக்கு 12:1 போதும். தடித்த பொலியூரத்தேன் பசைக்கு 18:1 வேண்டும். கடையிலேயே விசையைப் பலமுறை அமத்திப் பாருங்கள். சட்டம் வளைந்தால் வேண்டாம். உப்புக்காற்றுள்ள ஊரில் மெல்லிய தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கன்னைவிட ரியூப்பில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வினாகிரி மணக்கும் சிலிக்கன் மலிவு. கண்ணாடிக்கு அது நல்லது. சீமெந்தில் சரியாக ஒட்டாது, கூரைத் தகரத்தையும் அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். சிலிக்கன் மேல் பெயின்ட் பிடிக்காது. பெயின்ட் அடிக்கும் உட்சுவர் என்றால் அக்ரிலிக் ரியூப் எடுங்கள்.

ஒக்டோபர் மழைக்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது. அதற்கு முந்திய மாதங்களில் வீசும் தென்மேற்குக் காற்று மணலையும் உப்பையும் சுவரில் அப்பிவிட்டிருக்கும். அதன்மேல் பூசினால் பசை உரிந்து வரும். நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையை மட்டும் உலர்ந்தபடி சுரண்டவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

ரியூப் மூக்கை வெடிப்பின் அகலத்துக்கு ஏற்றபடி சரிவாக வெட்டுங்கள். பூசிய பத்து நிமிடத்துக்குள் விரலால் தடவி மட்டப்படுத்த வேண்டும். பிறகு மேலே தோல் கட்டிவிடும். உள்ளே ஒரு நாளில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான் இறுகும். வேலை முடிந்ததும் ரியூப் மூக்கில் ஒரு ஆணியைச் செருகுங்கள். கன்னைத் துடைத்து, கம்பிக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசி வைத்தால் அடுத்த மழைக்கும் உதவும்.